கடைப்போலி: ஓய்வுபெற்ற போலீஸ் கார் ஒன்றின் எச்சவியல்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தை முடிக்கும்போது, முந்தைய எட்டு இயல்களிலும் அடங்காமல் மிஞ்சியவற்றைத் திரட்டி ஒன்பதாவதாக ஓர் இயல் வைத்தார். எச்சவியல் என்பது அதன் பெயர். மிஞ்சிப்போனதற்கும் ஒரு மரியாதை உண்டு என்பது அவர் கட்சி. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பானை எச்சம், எலும்பு எச்சம், நெல் எச்சம் என்று நிறையவே தோண்டினார்கள். ஆனால் போலீஸ் துறை கழித்துக்கட்டிய காரில் கழற்ற மறந்த சாமான்கள் என்னும் மாபெரும் எச்சத்தை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் குறையை நீக்கவே இந்தக் கட்டுரை. ஆய்வுக்குரிய காரின் கூரைமேல் பறவை எச்சமும் இருந்தது. அது வேறு துறை என்பதால் கழுவிவிட்டேன்.

ஆய்வுப் பொருள், 2009ஆம் ஆண்டின் ஃபோர்டு கிரௌன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர். காரின் அடையாள எண்ணில் வரும் குறியீட்டை வைத்து, விவரம் அறிந்தவர்கள் இதை 'பி71' என்று மட்டும் சொல்வார்கள். கிடைத்த இடம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கவுண்டி நடத்திய ஏலத் திடல். விலையைப் பொறுத்தவரை வீட்டில் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று. பாடபேதம் என்று இரண்டையும் பதிவு செய்வதே முறை. குடும்ப நலன் கருதி இரண்டையும் தவிர்க்கிறேன்.

துளைகளின் வரலாறு

போலீஸ் காரின் ஆதி எங்கே என்று தேடினால், என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அகப்பட்டுவிடுகிறது. 1899இல் இதே ஒஹாயோவின் ஆக்ரன் நகரக் காவல்துறை மின்சாரத்தில் ஓடும் ஒரு வண்டியைப் பணியில் இறக்கியது. உச்ச வேகம் மணிக்கு 16 மைல். அதன் முதல் வீரச்செயல், குடித்துவிட்டுத் தெருவில் நின்ற ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு ஊரில் கலவரம் மூண்டபோது கூட்டம் அந்த வண்டியை உருட்டிக்கொண்டுபோய்க் கால்வாயில் தள்ளிவிட்டது. போலீஸ் வண்டியைக் கண்டால் ஓரமாக ஒதுங்கும் வழக்கம் அப்போது இன்னும் ஏற்படவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஒதுங்க வைப்பதற்காகத்தான் பிறகு ஒவ்வொரு சாமானாகச் சேர்த்தார்கள். 1928இல் டெட்ராய்ட் போலீஸ் காருக்குள் ரேடியோவை வைத்தது. நிலையம் பேசும், கார் கேட்கும். கார் எதிர்த்துப் பேச முடியாது. இந்த ஏற்பாட்டின் அருமையை உணர்ந்தவர் அந்நாளில் இல்லை போலிருக்கிறது. 1933இல் நியூஜெர்சியின் பேயோன் நகரம் அதை இருவழிப் பேச்சாக்கிக் கெடுத்துவிட்டது. ரேடியோவுக்கு ஆன்டெனா வேண்டும், ஆன்டெனாவுக்குக் கூரையில் துளை வேண்டும். ஸ்பாட்லைட்டுக்கு முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் ஒரு துளை. கூரை விளக்கின் ஒயருக்கு இன்னொன்று. ஒளித்துவைக்கும் ஃபிளாஷ் விளக்குகளுக்காக நான்கு மூலை விளக்குக் கூடுகளிலும் துளை. இப்படிப் பார்த்தால் போலீஸ் கார் என்பது நூறாண்டுகளாகத் துளைபோட்டுச் சேர்த்த அதிகாரம். ஓய்வு கொடுக்கும்போது சாமானைக் கழற்றி எடுத்துக்கொள்கிறார்கள். துளையைக் கழற்ற முடியாது.

இந்தத் துளைகளை ரப்பர் மூடி போட்டு அடைத்துத்தான் ஏலத்துக்கு அனுப்பினார்கள். முதல் மழையில் என் பிடரியில் சரியாக மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே, ஆன்டெனா இருந்த இடத்தை அங்குலம் பிசகாமல் குறித்துக்கொண்டேன். வழக்கமான அகழாய்வில் இவ்வளவு எளிதாக இடம் தெரியவராது.

கிரௌன் விக்டோரியா ஏன் போலீஸுக்கு வாய்த்தது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. லாரியைப் போலத் தனிச் சட்டத்தின்மேல் உடம்பைத் தூக்கி வைத்த கார் அது. முட்டினால் நசுங்கிய பகுதியை மட்டும் மாற்றிவிட்டு மறுநாள் பணிக்கு அனுப்பலாம். 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர், 250 குதிரைத் திறன், பின்சக்கர ஓட்டம், வேகமானியில் 140 மைல் வரை எண். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் செயின்ட் தாமஸ் ஆலையில் 2011 செப்டம்பர் 15 அன்று கடைசிக் கார் வெளிவந்தது. அதுவும் சவூதி அரேபியாவுக்குக் கப்பலேறியது. அதற்கு முன் பிறந்தவற்றில் பல, போலீஸ் வேலை முடிந்ததும் மஞ்சள் பூசிக்கொண்டு டாக்ஸியாயின. மீதி, என்னைப் போன்றவர்கள் தலையில் கட்டப்பட்டன.

கல்வெட்டு

வெள்ளைக் கார். கதவில் ஒட்டியிருந்த எழுத்துகளை உரித்துத்தான் விற்றார்கள். ஆனால் ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயின்ட் பல வருஷம் வெயில் காணாமல் புதிதாகவே இருந்திருக்கிறது; சுற்றியிருந்தது வெளுத்துவிட்டது. நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. மாலை வெயில் சாய்வாக விழும்போதும், பனி படிந்த விடியலிலும் எழுத்து எழுந்து வரும். கல்வெட்டு படிப்பவர்கள் தேய்ந்த எழுத்துக்குச் சாய்வெளிச்சம் காட்டுவது இதற்காகத்தான். நான் முறைப்படி மைப்படி எடுக்க விரும்பினேன். காரின்மேல் மை தடவக் கூடாது என்று வீட்டிலிருந்து தடையுத்தரவு வந்ததால், குழந்தைக்குப் போடும் பவுடரோடு நிறுத்திக்கொண்டேன்.

ஓட்டுநர் பக்கத்தில் முன்சக்கரத்துக்கு மேல் தொடங்கிப் பின்கதவு வரை, ஆறு எழுத்தில், ஆங்கிலத்தில் போலீஸ் என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் ஏதோ ஒரு விபத்தில் பின்கதவு நசுங்கி, வேறு கதவு மாட்டியிருக்கிறார்கள். புதுக் கதவில் எழுத்தின் சுவடு இல்லை. ஆகவே கடைசி இரண்டு எழுத்தும் போய்விட்டன. எஞ்சியவை நான்கு: பி, ஓ, எல், ஐ.

கூட்டிப் படித்தேன். 'போலி'.

பவுடர் டப்பாவோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒஹாயோவில் ஒரு கவுண்டியின் பழைய கார், தன் நிலையைத் தானே தமிழில் அறிவித்துக்கொண்டு நிற்கிறது. இதைத் தற்செயல் என்பாரும் உளர். அவர்களுள் முதன்மையானவர் என் மனைவி. "ஏங்க, அது இங்கிலீஷ் எழுத்து" என்றார். அது பொருந்தாது. சிதைந்த கல்வெட்டில் எஞ்சியிருப்பதைக் கொண்டுதான் பொருள் கொள்ள வேண்டுமே தவிர, இல்லாத எழுத்தைக் கொண்டு அல்ல.

தவிர, போலி என்றவுடன் கள்ளநோட்டு நினைவுக்கு வருவது இக்காலத்துப் பழக்கம். இலக்கணத்தில் போலி என்பது வேறு. எழுத்து மாறியும் பொருள் மாறாமல் நின்றால் அது போலி. மஞ்சு என்பது மைஞ்சு ஆனால் முதற்போலி, அமச்சு அமைச்சு ஆனால் இடைப்போலி, பந்தல் பந்தர் ஆனால் கடைப்போலி. எல்லா எழுத்தும் மாறியும் பொருள் நின்றால் முற்றுப்போலி; அதற்கு ஐந்து என்பது அஞ்சு ஆனதைக் காட்டுவார்கள். உறுப்பு மாறியும் பொருள் மாறாமை. இந்தக் காரை விளங்கிக்கொள்ள இதைவிடக் கூர்மையான கருவி எனக்கு அகப்படவில்லை.

நின்ற இடத்துப் பயணம்

ஓடுமானி 96,000 மைல் காட்டியது. வயதுக்கு அது கொஞ்சம்தான் என்று ஏலத்தில் பக்கத்தில் நின்றவர் சொன்னார், நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து டேஷ்போர்டில் ஒரு பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தியபோது வேறொரு கணக்கு வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கார் நகராமல் நின்ற நேரம் 3,900 மணி.

போலீஸ் கார் பெரும்பாலும் நிற்கும். சாலை ஓரத்தில், விபத்து நடந்த இடத்தில், பள்ளிக்கூட வாசலில், காபிக்கடைக்கு வெளியே. விளக்கும் ரேடியோவும் கம்ப்யூட்டரும் பேட்டரியைக் குடிக்கும் என்பதால் எஞ்சினை அணைப்பதில்லை. அப்படி நிற்கும் ஒரு மணி நேரத்தை 33 மைல் ஓடியதற்குச் சமமாகக் கொள்ள வேண்டும் என்பது ஃபோர்டு தரும் கணக்கு. பெருக்கினால் 1,28,700 மைல் வருகிறது. நில உருண்டையின் சுற்றளவு ஏறத்தாழ 24,900 மைல். ஆக, என் கார் நின்ற இடத்திலிருந்தே உலகத்தை ஐந்து தடவைக்கு மேல் சுற்றிவிட்டது. அந்தப் பயணத்தின் தேய்மானம் மட்டும் எனக்கு. பழைய போலீஸ் கார் வாங்குகிறவர்கள் மைலைப் பார்க்காமல் மணியைப் பார்க்க வேண்டும் என்பது இவ்வாய்வில் காசு கொடுத்துக் கண்ட முதல் முடிவு.

எஞ்சியவை

சாமான் கழற்றும் பணியாளருக்கு நேரம்தான் காசு. திருகாணியைத் திருகி எடுப்பதைவிட, ஒயரைக் கட்டரால் நறுக்குவது விரைவு. ஆகவே டேஷ்போர்டின் அடியில் கைவிட்டால், சிவப்பும் கறுப்பும் ஊதாவுமாக இடியாப்பச் சிக்கல். சில ஒயர்களின் நுனியில் டேப் சுற்றியிருந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. அவற்றில் இன்னும் மின்சாரம் இருந்ததை என் சுண்டுவிரல் உறுதி செய்தது.

இடத்தூணில் ஸ்பாட்லைட் அப்படியே இருந்தது. வெளியே விளக்கு, தூணைத் துளைத்து உள்ளே வரும் தண்டு, தண்டின் முனையில் கைப்பிடி. பிடியைத் திருப்பினால் விளக்கு தலையைத் திருப்பும். குற்றவாளியைத் தேடுவதற்கென்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் போலீஸ்காரர்கள் இதை இரவில் வீட்டு எண்ணைப் படிக்கவும் பயன்படுத்துகிறார்கள். வெள்ளை ஒளிதான் என்பதால் பெரும்பாலான மாநிலங்களில் தனியார் வைத்திருக்கத் தடையில்லை. ஒருநாள் இரவு, கொலுவுக்கு அழைத்திருந்த ஒரு வீட்டைத் தேடி வரிசையாக நான்கு வீட்டு வாசலில் இதை அடித்தேன். மூன்று வீடுகளில் விளக்கு அணைந்தது. நான்காவது வீட்டிலிருந்து ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

உள்கூரை விளக்குக்கு இரண்டு நிறம்: வெள்ளை, சிவப்பு. இருட்டுக்குப் பழகிய கண் கூசாமல் எழுதுவதற்குச் சிவப்பு. கதவைத் திறந்தால் எந்த விளக்கும் எரியாது. இறங்குகிறவர் இருட்டில் ஒளிர்ந்து குறியாகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாவியைக் கீழே போட்டவனுக்கு இதன் தத்துவம் புரிவதில்லை. முன் இருக்கைகளின் முதுகுக்குள் இரும்புத் தகடு, பின்னால் உட்கார்ந்திருப்பவர் கத்தியால் குத்தினால் தடுக்க. என் பிள்ளைகள் பின்னாலிருந்து காலால் உதைப்பதையும் அது நன்றாகவே தாங்குகிறது. தரையில் கம்பளம் கிடையாது, ரப்பர் விரிப்பு. பின் இருக்கை ஒரே வார்ப்பான பிளாஸ்டிக், குழாயைப் பிடித்து அடித்துக் கழுவலாம். எதைக் கழுவ என்று யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

சாவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொத்தமாகக் கார் வாங்கும் துறைகளுக்கு எல்லாக் காரையும் ஒரே சாவியில் திறக்கும்படி செய்துதர ஃபோர்டில் வழி இருந்தது. யார் எந்தக் காரை எடுத்தாலும் சாவி தேடி அலைய வேண்டாம். ஓய்வு பெற்ற காரோடு அந்தச் சாவியும் ஓய்வு பெற்று என் கையில் இருக்கிறது. கவுண்டியில் இன்னும் பணியில் இருக்கும் எத்தனை கார் இதற்குத் திறக்கும் என்ற கேள்வி, களஆய்வு செய்ய ஏற்றதல்ல என்று முடிவு செய்தேன்.

எச்சங்களிலே தலையாய எச்சம், இல்லாமற்போன ஒன்று: ஹாரன். போலீஸ் காரில் ஸ்டீயரிங்கின் ஹாரனை அழுத்தினால் சைரனின் ஓசை மாறும்படி இணைப்பதுண்டு. ஓலம், வெடுக்கோசை, இரட்டைச் சுருதி என்று அழுத்த அழுத்த ஓசை மாறும். அதற்காகக் காரின் சொந்த ஹாரன் ஒயரை வெட்டி, சைரன் பெட்டி வழியாகக் கொண்டுபோவார்கள். கழற்றுகிறவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். வெட்டிய ஒயரை மறுபடி இணைக்கவில்லை. முன் கிரில்லுக்குப் பின்னால் நூறு வாட் ஒலிபெருக்கி மட்டும் உட்கார்ந்திருக்கிறது, பேச்சுப் போன பாகவதர் போல. ஊரையே அலற வைத்த காருக்கு இப்போது 'பீப்' என்று சொல்ல நாதியில்லை.

"ஹாரன் இல்லாத காரைத் தேடிப் பிடிச்சு வாங்கின தமிழர், உலகத்திலேயே நீங்க ஒருத்தராத்தான் இருக்கணும்" என்றார் மனைவி. மறுப்பதற்குத் தரவு இல்லை.

பேட்டரியும் பெயரில்லாப் பொத்தானும்

மூன்று நாள் சும்மா நின்றால் பேட்டரி இறந்துவிடும். திங்கட்கிழமை தோறும் பக்கத்து வீட்டாரின் காரிலிருந்து உயிர் கடன் வாங்கினேன். எது குடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்து, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது முள் விழுகிறதோ, அந்த வழிதான் திருட்டு வழி. எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் முள் விழவில்லை. அப்படியென்றால் ஃபியூஸ் பெட்டிக்கே போகாமல், பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் எங்கோ போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு பானெட்டிலிருந்து தரை விரிப்புக்கு அடியில் நுழைந்து, கதவோரமாக ஊர்ந்து, டிக்கியில் வெளிப்பட்டேன். உதிரிச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு செங்கல் அளவுக்கு அலுமினியப் பெட்டி. தொட்டால் வெதுவெதுவென்றிருந்தது.

மூலை விளக்குகளுக்குள் ஒளித்த செனான் குழாய்களுக்கு மின்னழுத்தம் தரும் பெட்டி அது. பேட்டரியின் 12 வோல்ட்டை நூற்றுக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி, சேமித்து, குழாயில் ஒரே வெட்டாக விடும். அந்தப் பெட்டி இன்னும் பணியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. யாரும் அதற்கு ஓய்வுக் கடிதம் கொடுக்கவில்லை. டேஷ்போர்டில் எழுத்து அழிந்த ஒரு சுவிட்சைக் கராஜுக்குள் வைத்துத் தட்டிப் பார்த்தேன். நான்கு மூலையும் மின்னல் வெட்டின. கராஜ் ஜன்னல் வழியே வெளிச்சம் தெருவுக்குப் போக, அவ்வழியே வந்த கார் ஒன்று ஓரங்கட்டி நின்றது. ஓட்டி வந்த இளைஞர் இரண்டு நிமிடம் அப்படியே காத்திருந்தார், யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் மெதுவாகக் கிளம்பிப் போனார்.

அன்றே அந்தப் பெட்டியைக் கழற்றினேன். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்றாலும் அடிப்படை ஒன்றுதான்: பழைய போலீஸ் காரை வைத்திருக்கலாம், போலீஸாக நடந்துகொள்ளக் கூடாது. அவசர விளக்குகளைச் சாலையில் மின்னவிடக் கூடாது. கலிபோர்னியாவில் போலீஸ் கார் போலவே கறுப்பு வெள்ளை பூசிய காரைத் தனியார் ஓட்டவே முடியாது. இலக்கண மொழியில் சொன்னால் முதல், இடை, கடை ஆகிய மூன்று போலிகளுக்கும் அனுமதி உண்டு. முற்றுப்போலிக்குச் சிறை.

இனிப் பொத்தான். ஓட்டுநர் முழங்காலுக்கு அருகே, டேஷ்போர்டின் கீழ்விளிம்பில், விரல் நுனியளவு கறுப்புப் பொத்தான் ஒன்று. பெயர் இல்லை, படம் இல்லை. அழுத்தினால் இருக்கைக்கு அடியில் எங்கோ 'களுக்' என்று கேட்கும். பிறகு அமைதி. சிறிது பொறுத்தால் மறுபடி ஒரு 'களுக்'. அவ்வளவுதான்.

இதன் பயன் குறித்து மூன்று கட்சி உருவாயிற்று. டிக்கி திறப்பான் என்பது என் நண்பர் கட்சி. அது அன்று, டிக்கிக்கு டேஷ்போர்டில் தனிப் பொத்தான் உண்டு, அது வேலையும் செய்கிறது. எஞ்சினை ஓடவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்க உதவும் ரகசியப் பொத்தான் என்பது என் கட்சி. திருடன் பிரேக்கை மிதித்த மறுகணம் எஞ்சின் அணைந்துபோகும்படி அத்தகைய ஏற்பாடு போலீஸ் கார்களில் உண்டு என்பதால், என் கட்சிக்கு ஓரளவு வலு இருந்தது. ஆனால் நாற்பது தடவை சோதித்தும் சாவியை எடுத்தால் எஞ்சின் அணைந்தது. "ஏலத்துல எடுக்கிறவர் எத்தனை நாள் இதை அழுத்திக்கிட்டே இருப்பார்னு பார்க்க வெச்சிருப்பாங்க" என்பது மூன்றாம் கட்சி. அந்தக் கட்சி எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு 'களுக்'குக்கும் இடையே எத்தனை நேரம் என்று கடிகாரம் வைத்து அளந்தேன். எட்டு விநாடி. அந்த எட்டுதான் முடிச்சை அவிழ்த்தது. போலீஸ் காரில் நீளத் துப்பாக்கியை மின்பூட்டில் மாட்டி வைப்பார்கள். பொத்தானை அழுத்தினால் சில விநாடிக்குப் பூட்டு திறக்கும். அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். தவறினால் தானே பூட்டிக்கொள்ளும். என் காரில் துப்பாக்கியும் இல்லை, பூட்டும் இல்லை. காலம் எண்ணும் சிறு பெட்டி மட்டும் இருக்கைக்கு அடியில் தங்கிவிட்டது. அழுத்தும்போதெல்லாம் அது இல்லாத துப்பாக்கியை எட்டு விநாடி விடுவித்துவிட்டு, மறுபடி கவனமாகப் பூட்டிக்கொள்கிறது.

இதை மட்டும் நான் கழற்றவில்லை. சிக்னலில் நிற்கும்போது சில சமயம் அழுத்துகிறேன்.

அஞ்சு

சோதனைச்சாலை முடிவுகளைச் சாலையில் சரிபார்க்க வேண்டும் அல்லவா? எழுத்தில்லை, விளக்கில்லை, சைரனில்லை, ஹாரன்கூட இல்லை. வெள்ளைக் காரும், கறுப்பு இரும்புச் சக்கரமும், தூணில் ஒரு ஸ்பாட்லைட்டும், முன்னால் புஷ் பம்பர் கம்பியும்தான். இதோடு ஒரு மாலை நெடுஞ்சாலையில் 40 மைல் ஓட்டினேன்.

முன்னால் போனவர்களின் பிரேக் விளக்குகள் நான் நெருங்க நெருங்க வரிசையாக எரிந்தன. போனில் பேசிக்கொண்டிருந்த பெண்மணி போனை மடியில் போட்டார். இடது தடத்தில் இருந்தவர்கள் வலது தடத்துக்கு மாறி, சிக்னல் போட்டு மாறி, மாறிய பிறகும் சிக்னலை அணைக்காமல் போனார்கள். பின்னால் வந்தவர்களில் ஒருவர்கூட என்னை முந்தவில்லை. என் வேகம் 62 மைல் என்றால் அவர்களும் 62. மாநிலத்திலேயே ஒழுக்கமான ஊர்வலம் ஒன்று என் தலைமையில் மேற்கு நோக்கிச் சென்றது. இவர்களுள் யாரும் போலீஸைக் கண்டு நடுங்கும் குற்றவாளிகள் அல்லர். காரின் வடிவம் கண்ணாடியில் தெரிந்ததும், மூளை யோசிக்கும் முன்பே கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. எழுத்துப் போய்விட்டது, பொருள் போகவில்லை. முற்றுப்போலிக்கு 'அஞ்சு' என்ற சொல்லை எடுத்துக்காட்டியவர்கள் எதற்கோ முன்கூட்டியே தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. எனக்கு முன்னால் எப்போதும் யாராவது வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பதால், நான் எங்கும் நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. அதிகாரத்துக்கு வழிவிடுகிறேன் என்று உலகமே அதன் முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பின்கண்ணாடியில் உண்மையான ஒரு போலீஸ் காரும் அன்று தெரிந்தது. பக்கத்தில் வந்து சற்று நேரம் இணையாகவே ஓடியது. உள்ளே இருந்தவர் என்னைப் பார்க்கவில்லை. காரை, சக்கரம் முதல் கூரை வரை, பார்த்துக்கொண்டே வந்தார். தாம் ஓட்டிப் பழகிய காராக இருக்கலாம். பிறகு வேகம் எடுத்துப் போய்விட்டார்.

களஆய்வின் இறுதி நாள்

பின்பக்கம் மட்டும் முழுதாக ஆராயப்படாமல் இருந்தது. முன்னிருக்கைகளுக்கும் பின்னிருக்கைக்கும் நடுவே இருந்த தடுப்பை ஏனோ கழற்றாமல் விட்டிருந்தார்கள். கீழே இரும்பு, மேலே உடையாத பிளாஸ்டிக் பலகை, நடுவில் கைநுழையாத சிறு இழுப்பு ஜன்னல். ஒவ்வொரு ஆளையும் ஏற்றும் முன்பும் இறக்கிய பின்பும் பின்னிருக்கையைப் போலீஸார் சோதிக்க வேண்டும் என்பது நடைமுறை. எதையாவது இருக்கை இடுக்கில் ஒளித்துவிடுவார்கள். அப்படிச் சோதித்தும் தப்பியது ஏதாவது இருக்கலாம் என்று, ஒரு சனிக்கிழமை காலை டார்ச்சும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

கிடைத்தவை: ஒரு பேனா மூடி, 25 செண்ட் நாணயம் ஒன்று, கல்லாகிப்போன உருளைக்கிழங்கு வறுவல் மூன்று. இடுக்கியை இன்னும் ஆழமாக விட்டபோது உலோகம் தட்டியது. இழுத்தேன். சின்னஞ்சிறு சாவி, விலங்குச் சாவி. 1912இல் காப்புரிமை பெற்று, பீர்லெஸ் நிறுவனம் கொண்டுவந்த அமைப்பின் வழிவந்த விலங்குகள்தான் இன்றும் அமெரிக்காவில் பெரும்பாலும் புழங்குகின்றன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே வகைச் சாவி. இந்த நாட்டு விலங்குகளில் பெரும்பாலானவற்றைத் திறக்கக்கூடிய சாவி என் விரலிடுக்கில் மின்னியது. வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்கத் திரும்பினேன். முழங்கை பட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

பின்கதவு உள்ளிருந்து திறக்காது. பின் ஜன்னல் உள்ளிருந்து இறங்காது. கைப்பேசி முன்பக்கம் டேஷ்போர்டில், பிளாஸ்டிக் பலகைக்கு அப்பால், நான் பார்க்கும்படியாக இருந்தது. சத்தம் போட்டேன். ஹாரனுக்கு முன்இருக்கைக்குப் போக வேண்டும், போனாலும் ஹாரன் இல்லை. விலங்குச் சாவியைக் கதவின் ஒவ்வொரு இடுக்கிலும் நுழைத்துப் பார்த்தேன். அறிவியலில் எதையும் சோதிக்காமல் விடக் கூடாது.

முக்கால் மணி நேரம் கழித்து மனைவி வந்தார், கையில் துணிப்பைகளோடு. கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தார்.

"என்ன பண்ணீங்க?" என்றார்.

சாவியைத் தூக்கிக் காட்டினேன். விளக்கத் தொடங்கினேன். அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டிருக்கலாம். முன்கதவைத் திறந்து உட்கார்ந்து, இழுப்பு ஜன்னலை இரண்டு அங்குலம் தள்ளினார். "கறிகாய் வாங்கிட்டு வந்துடலாம். வழியில பேசிக்கலாம்" என்றார்.

வழக்கம்போல முன்னால் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒதுங்கியவர்கள், நாங்கள் கடந்துபோகும்போது முதலில் காரைப் பார்த்தார்கள், பிறகு பின்னிருக்கையைப் பார்த்தார்கள். சிக்னலில் பக்கத்துக் காரில் ஒரு சிறுமி, மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளுடைய அம்மா அவள் தலையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினார். நான் இரண்டு கையையும் உயர்த்தி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன், விலங்கு இல்லை என்று.